கனடாவில் குடியேற்றமும் மாகாணப் பரிந்துரையும்

பிறந்த ஊரை விட்டுக் கடல் கடந்து சென்று வாழ்தல் தமிழருக்குப் புதிய காரியமன்று. எனினும் போய்த் திரும்புதல் வேறு, போய்க் குடியேறுதல் வேறு. கல்வியின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ செல்பவன் வீட்டுச் சாவியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்கிறான். குடியேறச் செல்பவனோ பெரும்பாலும் வீட்டையே விற்றுவிட்டுச் செல்கிறான். ஆதலின் முன்னவன் செய்யும் பிழை சில வருஷங்களில் மறக்கப்படும். பின்னவன் செய்யும் பிழை அவனுடைய பெற்றோரையும் மக்களையும் நெடுங்காலம் தொடரும். நமது கல்லூரியிற் பயின்று வெளியேறுவோருள் பலர் இந்நாளில் கனடா தேசத்திற் குடியேற விழைகின்றனர். அவர்களுள் அநேகர் அதன் விதிகளை உள்ளபடி அறியாமல், பிறர் வாய்க்கேட்ட செய்திகளையே நம்பி நடக்கின்றனர். ஆகவே அவ்விஷயத்தை எம்மால் இயன்ற அளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதுமாறு எம்மைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலிற் கூறுவோம். சில காலத்துக்கு முன், கோடை விடுமுறையில் பழைய மாணவர் ஒருவர் எம் இல்லத்துக்கு வந்தார். மயிலாப்பூரிற் பிறந்து வளர்ந்தவர். நம் கல்லூரியிற் கணினி இயல் பயின்று, தரமணியில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் எழுதும் உத்தியோகத்தில் ஆறு வருஷம் இருந்தவர். அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. ஒண்டாரியோ மாகாணத்து ஹாமில்டன் நகரில் அவருக்கு மேலாளர் உத்தியோகம் அளிக்கப்படுவதாகவும், மூன்று மாதத்துக்குள் குடும்பத்துடன் நிரந்தர வாசம் உறுதி என்றும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. தியாகராய நகரில் ஓர் ஆலோசனை நிலையத்தார் அக்கடிதத்தைப் பெற்றுத் தந்தனராம். விலை எட்டு லட்சம் ரூபாய். அவற்றுள் இரண்டு லட்சம் முன்பணமாகக் கொடுத்தாயிற்று. எஞ்சிய தொகைக்காகத் தந்தையார் வீட்டை ஈடுவைக்க ஒருப்பட்டிருந்தார். “அம்மா வளையல்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள், ஐயா, கடிதம் சரிதானா என்று ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். அக்கடிதத்தை நாம் இருவரும் வரிவரியாகப் படித்தோம். அதன் முடிவைப் பின்னர்க் கூறுவோம். முன்னர் அதனைச் சோதித்தற்கு வேண்டிய அறிவைப் பெறுதல் நலம்.

கையொப்பமிட்ட ஒரு காகிதத்தை நம்பித் தமிழர் கடல் கடந்தது இது முதன்முறையன்று. 1860-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையினின்று புறப்பட்டு, நவம்பர் 16-ந் தேதி தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை அடைந்தது. அதிற் சென்றவர் ஒப்பந்தக் கூலிகள். கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு வேலை என்பது உடன்படிக்கை. எழுத்தறியாத பலர் அதிற் கைந்நாட்டு இட்டனர். உள்ளே எழுதியிருந்தது இன்னதென அறிந்தவர் மிகச் சிலரே. ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்கி வாழலாம் என்று நம்பியவர்கள்மீது, 1895-ம் ஆண்டுச் சட்டத்தால் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்கப்பட்டது. காந்தியடிகள் முதலானோர் நடத்திய கிளர்ச்சிக்குப் பின் 1914-ல்தான் அவ்வரி நீங்கியது. ஒப்பந்தக் கூலி முறை 1917-ல் நிறுத்தப்பட்டது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணிகள் ஆள் திரட்டிச் சென்ற வரலாறும் இத்தகையதே. அக்காலத்தவர்க்குப் படிப்பில்லை, ஆதலின் ஏமாந்தனர் என்று நாம் இரங்குகிறோம். பட்டம் பெற்றவரும் தாம் கையொப்பமிடும் காகிதத்தைப் படியாமலே விடுவாராயின், அதற்கு என்ன காரணம் சொல்வது?

இனிக் கனடாவின் கதவு நமக்குத் திறந்த வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1908-ல் அந்நாட்டார் ஒரு விதி செய்தனர். பிறந்த நாட்டினின்று இடையில் தங்காமல் நேரே வருவோரே இறங்கலாம் என்பது அது. இந்தியாவினின்று அவ்வாறு செல்லக்கூடிய கப்பற் போக்குவரத்து இல்லாமையால், அவ்விதி நம்மவரைத் தடுத்தற்கென்றே அமைந்தது என்பது தெளிவு. 1914-ல் ‘கோமகாட்டா மாரு’ என்னும் கப்பலில் வான்கூவர் துறைமுகத்தை அடைந்த 376 பேருள் 24 பேரே இறங்க அனுமதிக்கப்பட்டனர். ஏனையோர் இரண்டு மாதம் நீரில் நின்ற கப்பலிலேயே காத்திருந்து திருப்பியனுப்பப்பட்டனர். 1962-ல் இனவேற்றுமை விதிகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. 1967-ல் மதிப்பெண் முறை ஏற்பட்டது. விண்ணப்பிப்பவனுடைய நிறத்தையும் நாட்டையும் பாராமல், கல்வி, வயது, மொழியறிவு, தொழில் என்பவற்றுக்கு மதிப்பெண் இட்டு ஆள் தேரும் முறை இது. 1983-ம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையினராக அங்கே சென்று சேர்ந்தனர். 1986-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர் மீட்ட செய்தி உலகறிந்தது. அவர்கள் உயிருக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்தவர்கள். நாம் இங்கே ஆராய்வது தொழில் வல்லோர் தம் திறமையைக் காட்டிக் குடியேறும் வழியாகும். அவ்வழிகள் பல, அவற்றுள் மாகாணப் பரிந்துரை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மாகாணம் ஒன்று ஓர் அந்நியனைக் குடியேறத் தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்று நம் நாட்டார் வியப்பர். இந்திய அரசியல் அமைப்பின்படி குடியுரிமை, குடிபுகல், பாஸ்போர்ட்டு ஆகியவை முழுதும் மத்திய சர்க்காரின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. தமிழ்நாட்டு அரசு எவரையும் குடியேற அழைக்க இயலாது. கனடாவிலோ, 1867-ம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு, வேளாண்மையையும் குடியேற்றத்தையும் மத்திய சர்க்காருக்கும் மாகாணங்களுக்கும் பொதுவாக்கியது. முரண்பாடு நேரின் மத்திய சட்டமே நிற்கும் என்பது அதிலுள்ள வரம்பு. நெடுங்காலம் மாகாணங்கள் இவ்வதிகாரத்தை மிகுதியும் கையாளவில்லை. புதிதாக வருவோரெல்லாம் டொரண்டோ, மாண்ட்ரீயல், வான்கூவர் என்னும் மூன்று பெருநகரங்களிலேயே குவிந்தனர். மானிட்டோபா போன்ற சமவெளி மாகாணங்களும் கீழைக் கரை மாகாணங்களும் ஆளின்றித் தவித்தன. அக்குறையை நீக்கும்பொருட்டே, மாகாணம் தனக்கு வேண்டிய தொழிலாளரைத் தானே தெரிந்து மத்திய சர்க்காருக்குப் பரிந்துரைக்கும் ஏற்பாடு 1998-ல் தொடங்கியது. ஒண்டாரியோ மாகாணம் 2007-ல் இதனை மேற்கொண்டது. கியூபெக் மாகாணம் மட்டும் 1991-ம் ஆண்டுத் தனி உடன்படிக்கையின்படி வேறு முறையில் ஆள் தேர்கிறது.

எனவே இவ்வழியிற் குடியேறுவோன் மூவருடைய சம்மதத்தைப் பெறல் வேண்டும். முதலாமவர், வேலை கொடுக்கும் முதலாளி. இரண்டாமவர், மாகாண சர்க்கார். மூன்றாமவர், மத்திய சர்க்கார். முதலாளி வேலை தருவார். அவரால் வாசவுரிமை தர இயலாது. மாகாணம் பரிந்துரைச் சான்று தரும். அச்சான்றும் வாசவுரிமை ஆகாது. முடிவு கூறும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கே உரியது. இம்மூவரையும் வேறுபடுத்தி அறிந்தவனை ஏமாற்றுதல் எளிதன்று. ஏமாந்தோர் பெரும்பாலும் முதலாளியின் கடிதத்தையே முடிவான உத்தரவு என்று கருதியவராவர்.

முதலாளியைப் பற்றி முதலிற் பேசுவோம். கடிதத்தாளில் நாலு வரி எழுதிக் கையொப்பமிட்டால் போதும் என்று எண்ணுதல் தவறு. ஒண்டாரியோ மாகாணத்தில் 2025-ம் ஆண்டில் அயல்நாட்டுத் தொழிலாளர்க்கென வழக்கிலிருந்த விதிகளை உதாரணமாகக் கொள்வோம். அந்நிறுவனம் குறைந்தது மூன்றாண்டு தொழில் நடத்தியிருத்தல் வேண்டும். டொரண்டோ நகரமும் அதனைச் சூழ்ந்த டர்ஹம், ஹால்ட்டன், யார்க், பீல் பகுதிகளும் அடங்கிய எல்லைக்குள் இருப்பின், சென்ற கணக்காண்டின் மொத்த வரவு பத்து லட்சம் டாலருக்குக் குறையலாகாது. அங்கே கனடியரோ நிரந்தர வாசிகளோ ஆகிய முழுநேர ஊழியர் ஐவரேனும் இருத்தல் வேண்டும். அவ்வெல்லைக்கு வெளியே ஐந்து லட்சம் டாலரும் மூன்று ஊழியரும் போதும். வேலை முழுநேர வேலையாகவும், முடிவுநாள் குறிக்கப்படாததாகவும் இருக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணியும் ஆண்டுக்கு 1,560 மணியும் குறைந்த அளவு. கூலி, அப்பகுதியில் அத்தொழிலுக்கு வழங்கும் இடைநிலைக் கூலிக்குக் குறையலாகாது. அயல்நாட்டிலிருந்து ஒருவரை அழைப்பதாயின், உள்நாட்டில் ஆள் தேடியும் கிடைக்கவில்லை என்பதையும் முதலாளி காட்டவேண்டும். இவையெல்லாம் கணக்குகளாலும் பத்திரங்களாலும் மெய்ப்பிக்கத்தக்கவை. மெய்யான முதலாளி ஒருவர் இத்தனை தொல்லைக்கு உடன்படுகிறார் எனின், அவருக்கு ஆள் உண்மையாகவே தேவை என்பது பொருள்.

விண்ணப்பிப்பவனும் தன் தகுதியை அவ்வாறே மெய்ப்பித்தல் வேண்டும். கனடாவில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்கம் கொண்ட எண் ஒன்று உண்டு; பயிற்சி, கல்வி, பொறுப்பு ஆகியவற்றின் அளவு நோக்கித் தொழில்கள் 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. மேற்சொன்ன விதிகளின் கீழ் 0, 1, 2, 3 ஆகிய படிகளிலுள்ள தொழில்களே தகுதி பெற்றன. அதே தொழிலில், கடந்த ஐந்தாண்டுகளுக்குள் இரண்டாண்டு அனுபவமும் காட்டல் வேண்டும். உத்தியோகப் பெயர் எதுவாயினும், செய்த வேலை இன்னது என்பதையே அதிகாரிகள் நோக்குவர். பொறியாளர், செவிலியர் முதலிய சில தொழிலினர் அம்மாகாணத்துத் தொழிற்சங்கத்தின் உரிமம் பெறாமல் அப்பெயரால் தொழில் செய்தல் இயலாது. ஒண்டாரியோப் பொறியாளர் சங்கம் கனடிய அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2023-ல் நீக்கியது நம்மவர்க்கு நன்மையே. எனினும் தேர்வும் அனுபவச் சான்றும் ஒழியவில்லை.

பத்திரங்களைச் சேர்த்தல் சென்னையிலேயே தொடங்கும் வேலை. சேப்பாக்கத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்திலோ கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்திலோ மதிப்பெண் விவரச் சான்று பெற்று, அதனைக் கனடிய சர்க்கார் ஒப்புக்கொண்ட மதிப்பீட்டு நிலையத்துக்கு அனுப்பினால், நம் பட்டம் அந்நாட்டின் எப்பட்டத்துக்கு ஈடானது என்று அவர்கள் எழுதித் தருவர். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழித் தேர்வு எழுதவேண்டும்; அத்தேர்வின் முடிவு இரண்டாண்டே செல்லும். பழைய முதலாளிகளிடம் பெறும் அனுபவச் சான்றில் வேலை நாட்களும் சம்பளமும் மட்டுமன்றிச் செய்த கடமைகளும் விவரமாக எழுதப்பட்டிருத்தல் அவசியம். நம் நாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு வரிச் சான்றே தருகின்றன; ஆதலின் வேலையை விட்டு விலகும் நாளிலேயே விரிவான சான்றைக் கேட்டுப் பெறுதல் புத்திசாலித்தனம். போலீசு நற்சான்று வேண்டுமாயின் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களிலுள்ள பாஸ்போர்ட்டு சேவை மையங்களில் ஒன்றன் வாயிலாகப் பெறலாம். இவற்றுள் எதற்கும் இடைத்தரகர் தேவையில்லை. வேண்டியவை பொறுமையும், பிரதிகளைப் பத்திரமாக வைக்கும் பழக்கமுமே.

தகுதி இருந்தும் இடம் கிடைக்கும் என்பது நிச்சயமன்று. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேரை மாகாணங்கள் பரிந்துரைக்கலாம் என்பதை மத்திய சர்க்கார் வரையறுக்கிறது. 2024-ம் ஆண்டுக்கு இவ்வழியால் வருவோர் இலக்கு 1,10,000 ஆக இருந்தது. வீட்டுப் பஞ்சமும் பிறவும் காரணமாக 2025-ல் அது 55,000 ஆகப் பாதியாயிற்று. ஒண்டாரியோவின் பங்கு 21,500-லிருந்து ஆண்டுத் தொடக்கத்தில் 10,750 ஆகக் குறைந்தது. 2026-க்கு மொத்த இலக்கு மீண்டும் 91,500 என உயர்த்தப்பட்டது. ஏரி நீர்போல ஏறியும் வடிந்தும் நிற்கும் எண்ணிக்கை இது. சென்ற ஆண்டு அண்ணனுக்குக் கிடைத்தது இவ்வாண்டு தம்பிக்குக் கிடைக்காமற் போகலாம். ஆகவே இத்தனை மாதத்தில் உறுதி என்று எவரேனும் சொல்வாராயின், அவர் அறியாதவர், அல்லது அறிந்தே பொய் சொல்பவர்.

மாகாணம் பரிந்துரைச் சான்று அளித்தபின் இரண்டாங் கட்டம் தொடங்கும். விண்ணப்பதாரர் மத்திய சர்க்காரிடம் நிரந்தர வாசத்துக்கு மனுச் செய்வார். அவர்கள் உடல்நலம், குற்றச் சரித்திரம், தேசப் பாதுகாப்பு ஆகியவற்றை ஆராய்வர். விரைவு நுழைவு என்னும் பொது வரிசையில் இருப்பவர்க்கு மாகாணப் பரிந்துரை 600 மதிப்பெண் சேர்க்கும். மொத்தம் 1,200 மதிப்பெண்ணே ஆதலின், அப்பரிந்துரை எத்துணை வலியது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இதற்கு மாறாக, பரிந்துரையின்றி வெறும் வேலைக்கடிதத்துக்கு அவ்வரிசையில் அளிக்கப்பட்டுவந்த 50 அல்லது 200 மதிப்பெண் 2025 மார்ச்சு 25-ந் தேதியோடு நீக்கப்பட்டது. காரணம் என்னெனின், மதிப்பெண்ணுக்காகவே வேலைக்கடிதங்கள் விற்கப்பட்டமைதான். வேலைக்கடிதம் கடைச்சரக்கானதால் உண்மையான கடிதம் பெற்றவரும் பயனிழந்தனர். 2025 நவம்பரில் ஒண்டாரியோ தன் திட்டத்தின் ஒரு பிரிவையே, பொய்ப் பத்திரங்கள் மலிந்தன என்று கூறி நிறுத்திவைத்தது. ஒருவன் செய்யும் பொய், வரிசையில் நிற்கும் நூறு பேரின் வாயிலை அடைக்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒரு மாகாணத்தின் பரிந்துரையால் வந்தவன் வேறு மாகாணம் போகலாமா? கனடாவின் 1982-ம் ஆண்டு உரிமைச் சாசனத்தின் ஆறாவது பிரிவு, குடிகளுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் எம்மாகாணத்திலும் சென்று வாழவும் பிழைக்கவும் உரிமை அளித்திருக்கிறது. ஆதலின் வாசவுரிமை பெற்றபின் அவனைக் கட்டிவைப்பார் இல்லை. ஆயினும் விண்ணப்பம் செய்யும்போது அம்மாகாணத்திலேயே வாழ்வதாக அவன் வாக்களிக்கிறான். அவ்வெண்ணம் தொடக்கத்திலேயே இல்லையாயின் அது பொய்யுரையாகும். பொய்யுரையின் தண்டனைக்கும் அவன் ஆளாவான். சட்டத்துக்கு அப்பாலும் இதில் ஒரு முறை உண்டு. ஒரு சிற்றூரின் ஆலையோ மருத்துவமனையோ தனக்கு ஆள் வேண்டும் என்று கேட்டதனாலேயே அவனுக்குக் கதவு திறந்தது. உள்ளே புகுந்த மறுநாளே டொரண்டோவுக்கு மூட்டை கட்டுவானாயின், அடுத்த தமிழனை நம்புவதற்கு அவ்வூரார் தயங்குவர்.

குடும்பத்தைப் பற்றியும் ஆராய்தல் வேண்டும். மனைவி அல்லது கணவரும், மணமாகாத 22 வயதுக்குட்பட்ட மக்களும் அதே மனுவிற் சேரலாம். தாய் தந்தையர் சேர இயலாது. அவர்களை அழைத்தல் தனி மனு. ஆண்டுதோறும் அதற்கென வகுத்த எண்ணிக்கை சிறிது. நீண்டகால விசாவின் பேரில் ஒரு முறைக்கு ஐந்தாண்டு வரை பெற்றோர் வந்து தங்கலாம் எனினும், அங்கே மருத்துவக் காப்புறுதியைத் தம் செலவிற் பெறல் வேண்டும். கபாலீசுவரர் கோயிற் குளக்கரையில் மாலையில் அமர்ந்து, கடல் கடந்த மக்களின் தொலைபேசி அழைப்பை எதிர்நோக்கும் முதியோர் எத்தனையோ பேர். அடையாற்றிலும் தியாகராய நகரிலும் பெரிய வீடுகளில் இருவராகத் தனித்திருப்போரும் அத்தகையரே. போகலாகாது என்று நாம் சொல்லவில்லை. போகுமுன் இதனைப் பெற்றோருடன் அமர்ந்து பேசித் தெளிதல் கடமை என்கிறோம். நிரந்தர வாசத்தைக் காத்துக்கொள்ள ஐந்தாண்டில் 730 நாள் அந்நாட்டில் இருத்தல் வேண்டும். ஆகவே நினைத்தபோதெல்லாம் வந்து நெடுநாள் தங்குதலும் எளிதன்று. பின்னர்க் கனடியக் குடியுரிமை பெறுவாராயின், இந்தியக் குடியுரிமை நீங்கும். நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஒப்புவதில்லை. 2005 முதல் வழங்கப்படும் கடல்கடந்த இந்தியர் அட்டை வரப்போகவும் தங்கவும் உதவுமேயன்றி வாக்குரிமை தாராது.

நிற்க, இடைத்தரகரைக் குறித்துச் சட்டம் கூறுவது யாது? 1983-ம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் சர்க்காரிற் பதிவுபெற வேண்டும் என்று விதித்தது. அச்சட்டத்தின் விதிகள் பதிவுபெற்ற முகவர் தொழிலாளியிடம் பெறத்தக்க கட்டணத்தை 30,000 ரூபாயும் அதன்மீதான வரியும் என வரையறுத்தன. எட்டு லட்சம் எங்கே, முப்பதாயிரம் எங்கே? தமிழக அரசே 1978-ல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தியது. அது நெடுங்காலம் அடையாற்று முத்துலட்சுமி சாலையில் இயங்கியது. கனடாவிலோ, கூலி பெற்றுக்கொண்டு குடியேற்ற ஆலோசனை கூறும் உரிமை வழக்கறிஞர் முதலியோர்க்கும், 2021 நவம்பரில் தொடங்கிய குடியேற்ற ஆலோசகர் கழகத்தில் உரிமம் பெற்றோர்க்குமே உண்டு. அவர் பெயர்கள் அக்கழகத்தின் பொதுப் பதிவேட்டில் எவரும் காணத்தக்கவாறு உள்ளன. மேலும் ஒண்டாரியோவின் 2009-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அயல்நாட்டாரிடம் வேலை தேடிக் கொடுத்ததற்காக எவரும் கட்டணம் பெறலாகாது என்றும், அவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கலாகாது என்றும் கட்டளையிடுகிறது. முதலில் வீட்டுப் பணியாளர்க்கென ஏற்பட்ட இக்காப்பு 2015-ல் அயல்நாட்டுத் தொழிலாளர் அனைவர்க்கும் விரிந்தது. எனவே அம்மாகாணத்து வேலைக்கு விலை கேட்பதே குற்றம். விலை அதிகமா குறைவா என்னும் ஆராய்ச்சிக்கு இடமே இல்லை.

ஏமாற்றியவனைத் தண்டித்தால் ஏமாந்தவன் தப்பலாம் என்றும் எண்ணற்க. பொய்யுரை கண்டுபிடிக்கப்படின், ஐந்தாண்டுக் காலம் கனடாவுக்குள் நுழையலாகாது என்பது அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் 40-வது பிரிவு. மனுவை நிரப்பியவர் எவராயினும், கையொப்பமிட்டவனே ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பாளி. 2023-ல் நம் நாட்டு மாணவர் பலர், பெரும்பாலும் பஞ்சாபைச் சேர்ந்தவர், தரகர் தந்த போலி அனுமதிக் கடிதங்களால் நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளாயினர். கனடிய சர்க்கார் ஒரு குழுவை அமைத்து, அறியாமல் ஏமாந்தவரையும் அறிந்தே செய்தவரையும் பிரித்தறிய வேண்டியதாயிற்று. படித்து முடித்து வேலையிலும் அமர்ந்த பின்னர், பழைய காகிதம் ஒன்று எழுந்து வந்து சாட்சி சொன்னது.

இனி, மேற்சொன்ன மயிலாப்பூர் இளைஞரின் கடிதத்துக்கு வருவோம். அதில் தொழிலின் எண் இல்லை. மணிக்கு எவ்வளவு கூலி, வாரத்துக்கு எத்தனை மணி என்னும் விவரம் இல்லை. ஆறாண்டு மென்பொருள் எழுதியவருக்கு மேலாளர் உத்தியோகம் குறிக்கப்பட்டிருந்தது. அவ்வனுபவம் அவருக்கு இல்லை. அவரை ஒரு முறையேனும் எவரும் நேர்கண்டு வினவவில்லை. வாசவுரிமை அளிக்க அதிகாரமில்லாத முதலாளி அதனை மூன்று மாதத்தில் உறுதி செய்திருந்தார்! நாம் அந்நிறுவனத்தின் முகவரியைத் தனியே தேடி, கடிதத்தில் கண்ட எண்ணுக்கன்றி அம்முகவரிக்கே எழுதிக் கேட்டோம். நாலாம் நாள் மறுமொழி வந்தது. அப்படியொரு வேலைக்கு அவர்கள் ஆள் தேடவே இல்லை. கீழே கையொப்பமிட்டவர் பெயரும் அவர்கள் ஊழியர் பெயரன்று. முன்பணம் இரண்டு லட்சமும் போயிற்று. வீடும் வளையல்களும் தப்பின. அவ்விளைஞர் சிலகாலம் மனம் தளர்ந்திருந்தார். பின்னர் மொழித் தேர்வை எழுதி, தம் பட்டத்தை மதிப்பிடச் செய்து, தாமே நிறுவனங்களுக்கு விண்ணப்பித்து வருகிறார். இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் அவர் மனுவில் அவர் அறியாத சொல் ஒன்றும் இல்லை.

ஆதலின் மாணவ நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. கடல் கடக்க விரும்புவோர் கடக்கட்டும். திறமைக்கு எந்நாடும் இடம் தரும் காலம் இது. ஆனால் முதலாளி, மாகாணம், மத்திய சர்க்கார் என்னும் மூவரும் சொல்வதை அவரவர் வாயிலாகவே கேளுங்கள். விதிகள் ஆண்டுதோறும் மாறுவன. ஆகவே இக்கட்டுரையில் கண்ட எண்களையும் விண்ணப்பிக்கும் நாளில் சர்க்காரின் அறிவிப்போடு ஒத்துப் பாருங்கள். வேலைக்கு விலை கூறுபவரை விட்டு விலகுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படியாத காகிதத்தில் கையொப்பம் இடாதீர்கள். நேட்டாலுக்குக் கப்பலேறிய நம் முன்னோருக்குப் படிக்கும் வாய்ப்பு இல்லை. நமக்கு அவ்வாய்ப்பு இருக்கிறது.